கடைமடை வரை ஒரு பித்தளை ஃபில்டர்

திங்கட்கிழமை, காலை 6.40. தஞ்சாவூர்.

வண்டி மீட்டர் 61,204 காட்டியபோது புறப்பட்டோம். முன்னால் என் பழைய ஜீப், பின்னால் கொக்கியில் மாட்டிய கேரவன். கேரவன் என்றதும் சினிமா நட்சத்திரங்கள் இளைப்பாறும் பஸ் அளவு வண்டியை நினைத்துவிடாதீர்கள். இது பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டே சக்கரம். உள்ளே ஒரு கட்டில், மடக்குகிற பலகை, ஒற்றை பர்னர் அடுப்பு, சின்ன சிலிண்டர். நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஊருக்கு வெளியே ஒரு லேத் பட்டறையில் நான்கு மாதம் கூடவே நின்று செய்யவைத்தேன். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதி அதில் போயிற்று. என் மனைவி வசந்தாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான்.

நான் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவன். கல்லணையில் தொடங்கி, வாய்க்கால் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை வயல்கள் வரை ஆபீஸ் ஜீப்பிலேயே சுற்றியிருக்கிறேன். வசந்தாவை ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. அதற்கு ஈடு செய்யத்தான் இந்த வண்டி. அவள் பார்வை வேறு மாதிரி இருந்தது.

"ஊர் சுத்தப் போனாலும் அஞ்சு மணிக்கு எழுந்து நான்தானே காபி போடணும்? அத வீட்லயே போட்டுக்கறேன்" என்றாள். பிறகு நிபந்தனை வைத்தாள். "நாலு நாள் வர்றேன். அடுப்பத் தொட மாட்டேன், யோசனையும் சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை காலைக்குள்ள எனக்கு ஒரே ஒரு நல்ல காபி போட்டுக் குடுங்க. வண்டி இருக்கட்டும். முடியலன்னா வித்துடுங்க."

வாங்க ஆளும் இருந்தது. கூத்தாநல்லூர்க்காரர், சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர். வண்டியை ஜூஸ் கடையாக்கப் போகிறாராம். என் கேரவனில் சாத்துக்குடி பிழிவதா? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு காபிதானே, வாழ்நாளெல்லாம் குடித்தவனுக்குப் போடத் தெரியாதா என்று சரி சொல்லிவிட்டேன்.

கீழவாசலில் கண்ணெதிரே வறுத்து அரைத்த பொடி, இருநூறு கிராம், 190 ரூபாய். அதற்கு மேல் வாங்கினால் மணம் போய்விடும் என்பது என் கொள்கை. பித்தளை ஃபில்டர் புதிது, 1,150 ரூபாய். கிளம்பும்போது வசந்தா இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் காட்டினாள். யோசனை சொல்ல மாட்டேன் என்றவள் அந்த ஒன்றை மட்டும் சொன்னாள். "இத எடுத்துக்குங்க."

"காவிரி பாயுற ஊருக்குத் தண்ணி தூக்கிட்டுப் போறவனப் பாத்தா ஊரே சிரிக்கும்" என்றேன். கேன் வாசலிலேயே நின்றது.

காலை 7.55. வடுவூர் ஏரிக்கரை, 26 கிலோமீட்டர்.

என் முதல் சாமர்த்தியத்தைச் சொல்கிறேன். வீட்டிலேயே ஃபில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றி, துண்டால் சுற்றிக் கேரவன் மூலையில் நிறுத்தியிருந்தேன். ஒரு மணி நேரப் பயணம், போய்ச் சேரும்போது டிக்காஷன் இறங்கியிருக்கும், பாலைக் காய்ச்சினால் முடிந்தது. இதை ஏன் யாரும் இதுவரை யோசிக்கவில்லை என்று வழியெல்லாம் வியந்தபடி ஓட்டினேன்.

கீழ் அடுக்கைத் திறந்தேன். ஒரு சொட்டு இல்லை. மேலே ஊற்றிய நீர் ஆறிப்போய் அப்படியே நின்றது. ரோடு போட்ட போட்டில் பொடி இறுகித் தளம் போட்ட மாதிரி ஆகிவிட்டிருந்தது. கரண்டிக் காம்பால் குத்தினேன். குத்தியதும் டிக்காஷனோடு பொடியும் சேர்ந்து பொதபொதவென்று இறங்கியது. அதைத்தான் பாலில் கலந்து கொடுத்தேன்.

வசந்தா ஒரு வாய் குடித்தாள். "இது குடிக்கிறதா, மெல்றதா?"

ஏரியில் பறவைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. நான் ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை. சைக்கிளில் வந்த ஒருவர் நின்று, கண் ஆஸ்பத்திரி வண்டியா, ஆபரேஷன் இலவசமா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

செவ்வாய்க்கிழமை, காலை 6.15. அதே ஏரிக்கரை.

வண்டி ஓடவில்லை, பொடியை மெதுவாகத்தான் அழுத்தினேன். ஐந்தே நிமிடத்தில் தண்ணீர் முழுவதும் கீழே இறங்கிவிட்டது. அவ்வளவு வேகமாக இறங்கக் கூடாது. பார்த்தால் டிக்காஷன் வெளிர்ந்து, அடிப்பாத்திரம் தெரிந்தது. கரை ஏரிப்பக்கம் சரிந்திருந்தது. சக்கரத்துக்குக் கல் வைத்தவன் மட்டம் பார்க்க மறந்துவிட்டேன். ஃபில்டர் சாய்ந்திருந்ததால் நீர் ஒரு பக்கமாகவே ஓடி, பாதிப் பொடி நனையாமல் இருந்தது. முப்பது வருஷம் வாய்க்காலுக்கு மட்டம் பார்த்த கை இது. எனக்கே அசடு வழிந்தது.

என் டம்ளரை இரண்டு வாய் குடித்துவிட்டு மண்ணில் கொட்டினேன். வசந்தா தன்னுடையதை நிதானமாகக் கடைசிவரை குடித்தாள்.

"இதப் போயி எப்படிக் குடிச்ச?" என்றேன்.

"நல்ல காபின்னு சொல்ல மாட்டேன். எனக்கு இது புதுசு இல்ல, அவ்வளவுதான்."

என் கையாலாகாத்தனத்தைக் குத்திக்காட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். கோபத்தோடு பதினான்கு கிலோமீட்டர் ஓட்டி மன்னார்குடி சேர்ந்து, ஹார்டுவேர் கடையில் கொத்தனார்கள் வைத்துப் பார்க்கிற ரசமட்டம் ஒன்று வாங்கினேன். 140 ரூபாய். கடைக்காரர் வீடு கட்டுறீங்களா என்று கேட்டார். காபி போடுறேன் என்றேன். அவர் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாலையில் ஊரைத் தாண்டிப் பாமணி ஆற்றங்கரையில் நிறுத்தினோம். சம்பா அறுவடை முடிகிற நேரம். அறுத்த வயல்களில் தாளுக்கு நடுவே உளுந்து முளைத்து நின்றது. எந்த மதகு எந்த ஊருக்குத் தண்ணீர் விடுகிறது என்று வசந்தாவுக்குக் காட்டிக்கொண்டே நடந்தேன். "இதெல்லாம் நீங்க வீட்ல சொன்னதே இல்லையே" என்றாள். அந்த ஒரு மணி நேரம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். இந்த வண்டியை விடக் கூடாது என்ற பிடிவாதம் இன்னும் கூடியது.

புதன்கிழமை, காலை 6.05. பாமணிக் கரை.

ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நின்றது. டிக்காஷன் சொட்டுச் சொட்டாக, கறுப்பாக, இருபது நிமிடம் இறங்கியது. மணம் கேரவன் முழுக்க நிறைந்தது. ஜெயித்துவிட்டேன் என்று பாலை அடுப்பில் வைத்தேன். பொங்க வேண்டிய பால் திரிந்து, கட்டி கட்டியாக மிதந்தது. நேற்று மாலை மன்னார்குடியில் கறந்த பால் வாங்கி, காய்ச்சாமல் அப்படியே வைத்துவிட்டேன். வீட்டில் வசந்தா படுக்கப் போகுமுன் பாலைக் காய்ச்சித் தண்ணீர்த் தட்டில் வைப்பாள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தினமும் பார்த்த காட்சி, ஆனால் கவனித்ததில்லை.

அந்த நேரம் பார்த்துக் கூத்தாநல்லூர்க்காரர் போன் செய்தார். "அண்ணே, நாளன்னிக்கு ஜும்மா முடிச்சிட்டு நேரா தஞ்சாவூர் வந்து வண்டிய எடுத்துக்கவா? பெயின்ட்டர்கிட்ட சொல்லணும். ஆரஞ்சு கலர் அடிக்கலாம்னு இருக்கேன்."

"நாளைக்குச் சொல்றேன் தம்பி" என்றேன். ஆரஞ்சு கலராம்.

மாலை 4.30. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே 9 கிலோமீட்டர்.

வழியெல்லாம் பாதி ரோட்டை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் ஊர்ந்து வந்தோம். இருட்டுமுன் நிறுத்த இடம் தேடியபோது, நெல் அள்ளிக்கொண்டிருந்த பெண் ஒருவர் தன் களத்து ஓரத்தைக் காட்டினார். பெயர் செல்வி. நாற்பது வயது இருக்கும். நான்கு மா நிலம், ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல், குத்தகைக்கு எடுத்துத் தானே பயிர் செய்கிறார். "தாராளமா நிறுத்துங்க சார். அக்கா, ராத்திரி பயப்படாதீங்க, நாங்க நெல்லுக்குக் காவல் இங்கதான் இருப்போம்" என்றார்.

வியாழக்கிழமை, காலை 5.20. அதே களம்.

கடைசி நாள். டப்பாவில் இரண்டு தடவைக்கான பொடி மட்டும் இருந்தது. ரசமட்டம் சரி. பால் செல்வி வீட்டு மாட்டுப் பால், கறந்த சூட்டோடு வந்ததை உடனே காய்ச்சினேன். களத்து ஓரக் கைபம்பில் தண்ணீர் அடித்துக் கொதிக்கவைத்து ஊற்றினேன். எல்லாம் கனகச்சிதமாக நடந்தது. வசந்தாவை எழுப்புமுன் ஒரு வாய் ருசி பார்த்தேன்.

உப்பு. காபியில் யாரோ கல் உப்பைப் போட்டுக் கலக்கியது போல ஒரு ருசி. துப்பிவிட்டுக் களத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

செல்வி படுதாவை மடித்துக்கொண்டே வந்து பார்த்தார். "கைபம்புத் தண்ணியா ஊத்துனீங்க? ஐயய்ய, இது மாட்டுக்குக் காட்டுற தண்ணி சார். கடல் கிட்டத்துல வந்தாச்சு, நிலத்தடி எல்லாம் உப்பு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கேட்கவில்லைதான். தண்ணீரைப் பற்றி நான் யாரிடம் கேட்பது என்ற திமிர். வாசலில் விட்டுவந்த இருபது லிட்டர் கேன் கண்முன் வந்து நின்றது. நாலு நாள் பந்தயம், ஜூஸ் கடை, ஆரஞ்சு பெயின்ட் எல்லாவற்றையும் செல்வியிடம் கொட்டினேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நான் வேணா வீட்ல போட்டுக் கொண்டாரேன். நீங்க போட்டதுன்னு குடுங்க. அக்காவுக்குத் தெரியவா போவுது?"

பொய் சொல்வானேன், இரண்டு நிமிடம் யோசித்தேன். வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு வேண்டாம் என்றேன். என் கையால் போட்ட குப்பையை எல்லாம் குடித்தவளுக்கு அடுத்தவர் கைக் காபியைக் கொடுத்து ஜெயிப்பது கேவலம் என்று தோன்றியது.

"அப்ப தண்ணியாவது நல்லதா ஊத்துங்க" என்று செல்வி வீட்டுக்குப் போய் ஒரு குடம் கொண்டுவந்து வைத்தார். "கொள்ளிடத்துத் தண்ணி. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில வரும். நாங்க சோறாக்க, குடிக்க இதத்தான் வச்சிப்போம்."

"கொள்ளிடமா? எங்க ஊர்ப் பக்கத்துக் கொள்ளிடமா?"

"வேற எத்தன கொள்ளிடம் இருக்கு சார்?"

மூக்கு உடைந்தது என்றால் சரியாக அதுதான். பாசன வாய்க்கால் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். இந்தக் கடைமடைச் சனங்கள் எதைக் குடிக்கிறார்கள் என்று முப்பது வருஷத்தில் ஒருநாளும் நின்று பார்க்கவில்லை.

காலை 6.25.

மிச்சப் பொடி முழுவதையும் போட்டேன். கொதிநீரை வட்டமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். இருபத்திரண்டு நிமிடம் ஃபில்டர் பக்கத்திலேயே நின்றேன். வசந்தா எழுந்து வந்து நெல் மூட்டை மேல் உட்கார்ந்து, செல்வியோடு பேசிக்கொண்டிருந்தாள். டபரா டம்ளரில் ஆற்றி, நுரையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தாள். டம்ளரை இறக்கினாள். உள்ளே பார்த்தாள். மறுபடி ஒரு வாய்.

"என்ன, சரியில்லையா?" என்றேன்.

"இவ்வளவு திக்காவா இருக்கும்?" என்றாள்.

"நம்ம வீட்டுக் காபி மாதிரிதானே போட்டிருக்கேன்."

"இது நீங்க குடிக்கிற காபி" என்றாள். கோபமே இல்லை, விலாசம் சொல்வது போலச் சொன்னாள். "முதல் டிக்காஷன் உங்களுக்கும் உங்கப்பாவுக்கும். அப்பறம் பையன் வளந்தான், அவனுக்கு. எல்லாருக்கும் குடுத்துட்டு நான் உக்கார்றப்ப ரெண்டாவது தண்ணி ஊத்துனதுதான் இருக்கும். அன்னிக்கு ஏரிக்கரையில போட்டீங்களே, அந்த மாதிரி."

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பையன் மஸ்கட்டுக்குப் போய் ஆறு வருஷம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

"இப்ப ரெண்டு பேர்தானே இருக்கோம்? ஏன் சொல்லல?"

"பழகிடுச்சு. நீங்களும் கேக்கல."

செவ்வாய்க்கிழமை நான் மண்ணில் கொட்டிய காபியை அவள் கல்யாணம் ஆனதிலிருந்து முப்பத்தோரு வருஷமாகக் குடித்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அவள் பக்கத்தில் உட்காரக்கூடக் கூச்சமாக இருந்தது. செல்வி எதையும் கேட்காதவர் போல நெல்லைக் காலால் கிளறிவிட்டபடி தள்ளிப் போனார்.

வசந்தா அவசரப்படாமல் குடித்து முடித்தாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளே கூத்தாநல்லூருக்குப் பேசினாள். "தம்பி, நான் அவங்க வீட்ல பேசறேன். வண்டி குடுக்கறதா இல்லப்பா. மன்னிச்சிக்க. கடைக்கு வேற வண்டி பாரு." போனை வைத்துவிட்டு என்னைக் கேட்டாள். "நாகூர் இங்கேருந்து எத்தன கிலோமீட்டர்?"

"அம்பது, அம்பத்தஞ்சு இருக்கும்."

"இன்னிக்கே வீட்டுக்குப் போகணும்னு என்ன இருக்கு? கடல் பாத்துட்டுப் போவோம்."

நாகூரில் இரண்டு நாள் இருந்தோம். தர்கா வாசலில் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டாள். கடற்கரையில் கேரவனை நிறுத்தி, செல்வி பிடித்துக் கொடுத்த தண்ணீரிலும் அங்கே வாங்கிய பொடியிலும் இரண்டு காலையும் நானே போட்டேன். ஒருநாள் நன்றாக வந்தது, மறுநாள் சுமார். சனிக்கிழமை மாலை தஞ்சாவூர் திரும்பியபோது மீட்டர் 61,427. அந்தத் தண்ணீர் கேன் வாசலில் நாங்கள் விட்ட இடத்திலேயே இருந்தது. அதை முதலில் தூக்கி வண்டிக்குள் வைத்தேன்.

ஊர் திரும்பி மூன்று வாரமாகிறது. வீட்டுச் சமையல்மேடை மட்டமாக இருக்கிறது, பால் ஃபிரிட்ஜில் இருக்கிறது, குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர். கேரவனோடு ஒப்பிட்டால் இங்கே காபி போடுவது ஒரு வேலையே இல்லை. ஐந்து மணிக்கு நான்தான் எழுகிறேன். முதல் டிக்காஷன் அவளுக்கு. ஃபில்டரில் இன்னும் கொஞ்சம் பொடி போட்டால் இரண்டு பேருக்கும் முதல் டிக்காஷனே வரும், அது எனக்கும் தெரியும். கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று நானே வைத்துக்கொண்டேன். திரும்பிவந்த மறுநாள் காலை இரண்டாவது தண்ணீரில் எனக்குக் கலந்துகொண்டு உட்கார்ந்தபோது, வசந்தா எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லாவே இல்ல" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தன் டம்ளரை எடுத்துக்கொண்டாள்.