கறி சுற்றிய கொடுவா

ராஜாவின் சமஸ்தானம் போய்ச் சர்க்காரோடு சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஆலங்குடியில் என் வீட்டுக்காரர் சர்க்கார் குமாஸ்தா. நான் அதே ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாகச் சேர்ந்து எட்டு மாதம். வகுப்புக்குள் நுழைந்தால் நாற்பது பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். அதுவரை என்னைப் பார்த்து எழுந்து நின்ற ஆள் கிடையாது. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்த நேரம் பார்த்து அவருக்குப் பெரம்பலூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. நானும் கூடப் போனால் என் வேலை போய்விடும்.

மாற்றலை நிறுத்த அவருடைய அதிகாரி மனசு வைத்தால் போதும். அதிகாரி நம் பக்கத்துக்காரர்தான். யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தபோது வெள்ளைக்காரர்களோடு மெஸ்ஸில் சாப்பிட்டவர். பட்டாளம் கலைந்துவிட்டது, மெஸ் மட்டும் அவர் வயிற்றுக்குள் நடந்துகொண்டே இருந்தது. ராத்திரியில் சோறு கனம் என்பார். வீட்டுக்கு ஒருநாள் சாப்பிட வரவேண்டும் என்று இவர் கெஞ்சியதற்கு, "லைட்டா இருந்தா வாரேன்" என்றாராம்.

எது லைட் என்பதில் எங்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்று, அவர் வருவதாகச் சொன்ன நாள் காலையில் ஆபீஸ் டபேதார் கையில் ஒரு தகர டப்பாவைக் கொடுத்தனுப்பினார். கூடவே வாய்வழியாகச் செய்முறை.

"முள்ளு எடுத்த வெள்ளை மீனுல இந்தக் கறியைச் சுத்தி, வாட்டி வைக்கச் சொன்னாங்கம்மா. பேக்கனாம்."

டப்பாவைத் திறந்து பார்த்தேன். கொழுப்பும் சதையுமாகப் பட்டை பட்டையாக இருந்தது.

"ஏங்க, இது பன்னிக்கறிதானே?"

"மெதுவாப் பேசு. பன்னின்னு சொல்லாத, பேக்கன்னு சொல்லு."

எங்கள் இரண்டு குடும்பத்திலும் பன்றிக்கறி வாசற்படி ஏறியதில்லை. பேக்கன் மரியாதையாக ஏறியது. இருந்தாலும் நான் அதை அடுப்படிக்குள் விடவில்லை. கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, கழித்துப்போட்ட தோசைக்கல்லை அதற்கென்று ஒதுக்கினேன்.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்த கொடுவா மீன் கிடைத்தது. துண்டு போட்டு முள் எடுத்து, மிளகும் பூண்டும் உப்பும் அரைத்துத் தடவினேன். பேக்கனை மஞ்சள்தூள் போட்டு மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். கறி என்று வந்துவிட்டால் அப்படித்தானே. பிறகு ஒவ்வொரு துண்டிலும் பட்டையைச் சுற்றி, வாழைநாரால் கட்டி, தணல்மேல் அந்தக் கல்லைப் போட்டுத் திருப்பித் திருப்பி வாட்டினேன். என் பிறந்த வீட்டில் மீனை வாழையிலையில் சுற்றி இப்படித்தான் சுடுவார்கள். மீன் வெந்ததும் இலையை உரித்து எறிவோம். இங்கேயும் உரித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்ததைத் தெருநாய் ஒன்று மிச்சம் வைக்காமல் தின்றது.

அதிகாரி வந்து உட்கார்ந்தார். தட்டில் மீன் வெள்ளைவெளேரென்று இருந்தது. அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் முகமும் அப்படியே ஆனது. எழுந்து உள்ளே வந்தார்.

"மேல சுத்துன கறி எங்கே?"

"உரிச்சுப் போட்டாச்சு. சுத்துனதையும் சேர்த்தா திம்பாங்க?"

"அதைத் திங்கத்தானேடி டப்பாவே அனுப்புனாரு."

எட்டு மாத வாத்தியார் வேலையை என் கையாலேயே நாய்க்குப் போட்டுவிட்டேனே. கதவோரம் நின்று பார்த்தேன். அதிகாரி ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"பேக்கன்னா இப்படி இருக்கணும். மீனோட மீனா கரைஞ்சு போச்சு பாருங்க. எங்க மெஸ்ஸுல கூட இந்தப் பக்குவம் வராது."

லைட் டின்னரில் ஏழு துண்டு போயிற்று. அதற்குப் பிறகு, வயிறு கேட்கிறது என்று சொல்லி இரண்டு கரண்டி தயிர்ச்சோறும் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இனி மாற்றல் எங்கே நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

கை கழுவிவிட்டு வந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். "மாத்தல் விஷயமாச் சொன்னீங்கள்ல. நானும் யோசிச்சேன். இப்படி ஆக்கிப்போட ஆள் இருக்கறப்ப எந்த ஊரா இருந்தா என்ன? அங்கிட்டு நல்ல ஓட்டல் கூடக் கிடையாது. இவங்களைக் கூட்டிக்கிட்டுப் போங்க, ராஜா மாதிரி இருக்கலாம்."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவள் வேலை என்ன ஆவது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

"ஆமாங்க சார்" என்று சிரித்தார்.

அந்த அதிகாரி மேல் எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அந்தச் சிரிப்பின் மேல்தான் வந்தது.

கிளம்பும் நாள் வந்தது. அவருடைய வேட்டி சட்டைகளை மடித்து டிரங்குப் பெட்டியில் அடுக்கிப் பூட்டினேன். அவர் அறையைச் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"ஒன் சேலையெல்லாம் எதுல வச்சிருக்கே?"

"கொடியிலதாங்க கெடக்கு. திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கட்டணும்" என்று சொல்லி, சாவியை அவர் கையில் கொடுத்தேன்.