மாம்பூவில் கரி, கூரையில் சூரியன்

மனுக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்குச் சம்பளம் கிடையாது, ஓய்வு பெறும் வயதும் கிடையாது. தேய்ந்த செருப்பு மட்டும் உண்டு. கொடி பிடித்துத் தோள் வலித்த தோழர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

ஓசூர்ப் பக்கம் எங்கள் ஊரை ஒட்டி இரும்பு உருக்கி வார்க்கும் ஆலை ஒன்று வந்தது. வளர்ச்சி என்றார்கள். வளர்ச்சியோடு கரியும் வந்து எல்லம்மா அக்காவின் மாந்தோப்பில் இறங்கியது. பூ கருகி உதிர்ந்தது. மிஞ்சிய காயைக் கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலை திருப்பி அனுப்பியது. இன்னொரு பருவம் இப்படிப் போனால் தோப்பை அந்த இரும்பு ஆலைக்கே விற்க வேண்டியதுதான். சிம்னிக்கு வடிகட்டி மாட்டு என்பதே எங்கள் ஒரே கோரிக்கை.

கேட் வாசல்

ஷிப்ட் மாறும் நேரத்தில் துண்டறிக்கை கொடுத்தேன். எழுதியது நான்தான். அதில் ஏகாதிபத்தியம் மூன்று இடத்தில் வந்தது, எல்லம்மா அக்கா ஒரே இடத்தில். மதுரைப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் நின்று முழுவதும் படித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எழுத்து பிரமாதம்ண்ணே. ஆனா ஆலைய மூடுன்னு மட்டும் போட்றாதீங்க, அடுத்த மாசம் என்னைப் பெர்மனென்ட் பண்றாங்க."

திங்கட்கிழமை மனு

கரி படிந்த மாங்கொப்பு ஒன்றை ஒடித்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். அதெல்லாம் லாரிப் புழுதி என்று ஆலை ஏற்கெனவே கடிதம் கொடுத்திருந்தது. கிளார்க் இலையைத் தேய்த்துப் பார்த்தார். கறுத்த விரலை என் மனுவின் முதுகிலேயே துடைத்தார். "கரிதாங்க, எனக்கே தெரியுது. ஆனா அவங்க புழுதின்னு சீல் போட்டுக் குடுத்திருக்காங்க. உங்க கொப்புல சீல் எங்க?"

சூரியன் வந்தார்

அப்புறம் ஆலைக்காரர்கள் ஆபீஸ் கூரையில் சோலார் பலகை மாட்டினார்கள். 'பசுமை ஆலை' என்று கேட்டில் போர்டு. ஊருக்கெல்லாம் லட்டு. எதிரியின் லட்டு என்பதால் நான் இரண்டு தின்றேன்.

சில வாரத்தில் பலகை தரும் கரண்ட் குறைந்துவிட்டது. பார்த்துச் சரிசெய்யப் பெங்களூரிலிருந்து மெக்கானிக் வந்தார். வேலை முடிந்து டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் தலையில் அடித்துக்கொண்டார்: "பலகை நல்லாத்தான் சார் இருக்கு. தலைமேல சிம்னிய வெச்சுக்கிட்டு, சூரியன் எங்கேன்னு என்னைக் கேக்கறாங்க."

சீல்

அவர் கையில் சர்வீஸ் ரிப்போர்ட் இருந்தது. 'காரணம்: பலகைமேல் படிந்த இந்த ஆலையின் சிம்னிக் கரி.' கீழே மேனேஜர் கையெழுத்து, வட்டமாக ஆலை சீல். மெக்கானிக் நீட்டும் தாளை எந்த மேனேஜர் படித்துப் பார்க்கிறார்? மெக்கானிக்குக்கு அவர் கேட்காமலே இன்னொரு டீ சொல்லிவிட்டு, அவர் சம்மதத்தோடு தாளை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டு ஓடினேன்.

அடுத்த திங்கட்கிழமை அதே கிளார்க், அதே மாதிரி ஒரு கொப்பு, கூடவே ஜெராக்ஸ். சீலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்: "தன் புகையைத் தானே புடிச்சுக் குடுத்துட்டாரே மனுசன்! இனி எங்கீங்க புழுதின்னு சொல்றது?"

வடிகட்டி

நோட்டீஸ் போனது. பூக்கும் பருவத்துக்கு முன்பே வடிகட்டி ஏறியது. 'எங்கள் சூரிய மின்சாரத்தைக் காக்க' என்று அதற்கும் ஒரு போர்டு வைத்தார்கள். அந்த வருடம் காய் உதிராமல் நின்றது. கூழ் ஆலை வண்டியே தோப்புக்கு வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தி, "இது மக்கள் வெற்றி அக்கா" என்று ஆரம்பித்தேன். எல்லம்மா அக்கா நிமிரக்கூட இல்லை: "சும்மா இருப்பா. நீ கத்தினப்போ அவன் திரும்பிக்கூடப் பாக்கல, அவன் கூரைக் கண்ணாடி அழுக்கானதும் ஓடியாந்துட்டான். இந்தா, கூடையப் புடி."

இத்தனை வருடத்தில் நான் சேர்த்த தோழர்களிலேயே, கூட்டத்துக்கு வராமல், கோஷம் போடாமல், வெயிலில் சும்மா படுத்தே ஜெயித்தது அந்தக் கண்ணாடிப் பலகை ஒன்றுதான்.