கணுக்காலைத் தொட்ட பாவாடை

அச்சகத்தில் அவளை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். பைண்டிங் பிரிவில் பதினோரு வருடமாகப் புத்தகம் தைக்கிறாள். மேல் தட்டுக் காகிதக் கட்டை ஸ்டூல் போடாமலே இறக்கிவிடும் உயரம். அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தம் கிடையாது. வருத்தமெல்லாம் பாவாடை விஷயத்தில்தான். கடையில் தொங்கும் எந்தப் பாவாடையும் அவளுக்கு முழங்காலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் நின்றுவிடும்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தவளை மேலும் கீழும் பார்த்த விற்பனைப் பெண், "உங்க உயரத்துக்கு ரெடிமேட்ல வராதுக்கா. தைச்சுத்தான் போட்டுக்கணும்," என்றாள்.

தையல் கூலி கட்டுப்படியாகாது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியவளுக்கு நாலு எட்டு வைப்பதற்குள் பொறி தட்டியது. நாமே தைத்தால் என்ன? நாள் முழுக்க ஊசியும் நூலுமாகத்தானே பிழைப்பு ஓடுகிறது?

நேராக எடைக்குத் துணி போடும் கட்பீஸ் கடைக்குப் போனாள். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவியதில் கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துண்டு ஒன்று அகப்பட்டது. விரித்தால் விரிந்துகொண்டே போனது. அதைத் தராசில் வைத்தாள். எடை கொஞ்சம் குறைந்ததால் கடைக்காரர் ஒரு மஞ்சள் துண்டை மேலே போட்டு முள்ளைச் சரிக்கட்டினார்.

ஞாயிறு காலை காப்பி குடித்த கையோடு செய்தித்தாளைத் தரையில் பரப்பிக் கோடு போட்டு வெட்டினாள். மேலே குறுகி, கீழே விரிந்த ஆறு நீளத் துண்டு, தையல் பாஷையில் ஆறு கலி. நீளம் மட்டும் ஆசை தீரக் கணுக்கால் வரை.

"விளையாட்டுப் பக்கத்தை நான் இன்னும் படிக்கலையே," என்றார் கணவர்.

"இடுப்புக்கிட்ட இருக்கு. குனிஞ்சு படிச்சுக்கோங்க."

காகிதத்தை வைத்துத் துணியையும் வெட்டி, எல்லாவற்றையும் பையில் சுருட்டிப் போட்டுக்கொண்டு பக்கத்துத் தெருவில் இருந்த நாத்தனார் வீட்டுக்கு ஓடினாள். அங்கே ஒரு தையல் மிஷின் டிவியைச் சுமந்துகொண்டு நின்றது. நாத்தனார் தையல் வகுப்புக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தவள்.

"எனக்குத் தலையணை உறைதான் வரும் அண்ணி. அதுவும் நேர்கோடா இருந்தா," என்று முதலிலேயே கையை விரித்துவிட்டாள்.

"இதுவும் நேர்கோடுதான். கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். டிவியை ஒரு பக்கம் பிடி."

இருவருமாக டிவியைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். எண்ணெய் விட்டதும் மிஷின் இரண்டு தரம் முனகிவிட்டு ஓட ஆரம்பித்தது. ஒரு கலியோடு மறு கலி சேரச் சேர இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பசியே எடுக்கவில்லை. நாத்தனாரும் சமையலை மறந்துவிட்டுத் துணியைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மூட்டும் முடிந்து, கடைசி மூட்டில் ஜிப்புக்கு இடம் விட்டு அடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாள். பாவாடை தொடை வரை ஏறியது. அதற்கு மேல் அசையவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தாள். ம்ஹூம்.

விஷயம் அப்போதுதான் உறைத்தது. புத்தக அட்டைக்கு அளப்பதுபோல அளந்த இடத்திலேயே துணியை வெட்டியிருக்கிறாள். தையலுக்கென்று இடமே விடவில்லை. ஒரு கலிக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் என்றால் ஆறு கலிக்கு ஆறு அங்குலம் போய்விட்டது. நீலத் துணியில் மிச்சம் இருந்ததோ கைக்குட்டை அளவுதான்.

கட்டிலில் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் இவளுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

சிரித்து ஓய்ந்தபோது பைக்குள்ளிருந்து அந்த மஞ்சள் துண்டு எட்டிப் பார்த்தது.

"ரெண்டு பக்கத்தையும் பிரி," என்றாள் இவள், எழுந்துகொண்டே.

"நல்லா யோசிச்சுக்கோங்க அண்ணி, நீலத்துக்கு மஞ்சளா?"

"பிரின்னா பிரி."

இந்த முறை தையலுக்கும் இடம் விட்டு, நடக்க உட்கார இரண்டு அங்குலம் தாராளமாகவும் சேர்த்து, மஞ்சளில் இரண்டு பட்டை வெட்டினாள். பக்கத்துக்கு ஒன்றாக வைத்து அடித்தாள். மிஞ்சிய மஞ்சளில் இரண்டு பைகளும் தேறின. பழைய கைப்பையிலிருந்து உருவிய ஜிப் பின்பக்கம் போயிற்று. நாலு மணிக்கு இடுப்புப் பட்டியும் ஏறியது.

போட்டுக்கொண்டு பைகளுக்குள் கையை விட்டபடி ஒரு சுற்றுச் சுற்றினாள். நிற்கும்போது கோடுபோலத் தெரிந்த மஞ்சள், சுற்றும்போது பளிச்சென்று விரிந்தது. விளிம்பு கணுக்காலைத் தொட்டது. நாத்தனார் விளிம்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, "எனக்குச் சிவப்பு இருந்தா நல்லா இருக்கும்," என்றாள்.

மறுநாள் அச்சகத்தில் ஏணி நடக்கிற நடையைப் பார்த்து, வெட்டும் மிஷினை நிறுத்திவிட்டு, என்ன விசேஷம் என்றே கேட்டுவிட்டார்கள். சூப்பர்வைசர் அம்மா மஞ்சளைத் தொட்டுத் தடவி, "எங்கே வாங்கினே?" என்றார்.

"நானே தைச்சேம்மா. இந்த மஞ்சள், தப்பா வெட்டினதுக்குப் போட்ட ஒட்டு."

"அந்தத் தப்பை எனக்கும் ஒண்ணு வெட்டிக் குடேன்."

சாயங்காலம் கட்பீஸ் கடை வாசலில் நாத்தனார் முன்னதாகவே வந்து காத்திருந்தாள். இருவரும் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கமாகக் குவியலுக்குள் கையை விட்டார்கள்.