திரையைப் பார்க்காத அண்ணன்

பிரிக்பீல்ட்ஸில் கணினி பழுது பார்க்கும் அந்த அண்ணன் மெலிந்த மனிதர். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே பேசுவார். நான் கல்யாண ஆல்பம் செய்யும் மடிக்கணினிக்கு மெமரியை இரட்டிப்பாக்கினார். வேலை முடிந்தது என்று எழுந்தேன்.

“உட்காருங்க அக்கா. வேலைய அப்படியே விட்டுட்டு மூடுறப்ப, மெமரியில உள்ளதெல்லாம் டிஸ்க்ல ஸ்வாப்புங்கிற இடத்துலதான் போய் உட்காரும். மெமரி பெருசாச்சு, அந்த இடம் பழைய அளவுதான். பத்தாது லா. டிஸ்க்ல அதுக்குப் பக்கத்துல உள்ள இடத்துல இருந்து வெட்டிக் கொடுக்கணும். வெட்டுறப்ப தவறினா அங்க உள்ளது போயிடும்.”

அந்தப் பக்கத்து இடத்தில் இருந்தவை கிள்ளானில் நான் எடுத்த கல்யாணப் படங்கள். வேறு பிரதி இல்லை. அதைச் சொன்னேன்.

“காப்பி இல்லாமலா தொழில் பண்றீங்க? நல்ல ஆளுதான்!” என்று திட்டிவிட்டுத் தம்முடைய டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்தார். “இதுவும் கிழம்தான். ரொம்ப நம்பாதீங்க.”

பிறகு இடத்தை வெட்டச் சொல்லி விசையைத் தட்டினார். தட்டியதும் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெகுநேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்: “படம் இருக்கா அக்கா?”

ஒரு படத்தைத் திறந்தேன். மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இருக்குண்ணே.”

அப்போதுதான் திரும்பினார். முகமெல்லாம் வியர்வை. எனக்கு முன்பு இந்த நாற்காலியில் உட்கார்ந்த யாரோ ஒருவர் ‘இல்லை’ என்று சொல்லியிருப்பாரோ! கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.