கதவில் நசுங்காத விரல்

என் மாப்பிள்ளை பதினோரு வருஷமாகத் தகடு அமுக்கும் மிஷினில் வேலை பார்க்கிறார். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் மிஷின் இறங்கும். கை உள்ளே போய்விடக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. ஆனால் வேலை சீக்கிரம் முடிய வேண்டுமே என்று ஒரு பொத்தானில் மரக்கட்டையைச் செருகிவிட்டு ஒரு கையாலேயே ஓட்டுவார்கள். என் பேத்தி பிறந்த ஒன்பதாம் நாள், மாப்பிள்ளையின் வலதுகை விரல் நசுங்கியது.

நேற்று மேஸ்திரி ஒரு தாள் கொடுத்தனுப்பினார். "வீட்டுக் கதவில் நசுங்கியது" என்று அதில் எழுதியே இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"எங்க வீட்டுக் கதவு உங்களை என்ன பண்ணுச்சு மாப்பிள்ளை?"

"விபத்து வருஷா வருஷம் குறையுதுன்னு கம்பெனி சுவத்துல படம் போட்டு மாட்டியிருக்காங்க மாமா. அதை நான்தான் கெடுக்கணுமா?"

"இந்த வருஷம் எத்தனை பேரைக் கதவு நசுக்குச்சு?"

"என்னோட சேர்த்து நாலு பேரை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கட்டை அங்கேயேதானே இருக்கு? அஞ்சாவது ஆளு யாருன்னும் இப்பவே எழுதிக் கொடுத்துடுங்க."

அவர் மேஸ்திரியின் தாளைத் தள்ளி வைத்தார். என் மடியில் பேத்தி கொட்டாவி விட்டாள். அந்த எரிச்சலிலும் அது எனக்கு அழகாகத்தான் இருந்தது.

"வேற தாள் எடுங்க மாமா. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மிஷின், பொத்தான், கட்டை எல்லாவற்றையும் எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. மாப்பிள்ளை இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.