பேன் பார்த்த நர்ஸம்மா

எழுபதுகளில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நான் ஐந்தாவது படித்த மிஷன் பள்ளியில் ஒரு நர்ஸம்மா இருந்தார். ஒட்டடைக்குச்சி போல் நெட்டை உருவம், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, சிரிக்காத முகம். திங்கட்கிழமைதோறும் மாதா கோயில் நிழலில் எங்களுக்குப் பேன் பார்ப்பார். பிள்ளையை முதுகு காட்டி உட்காரவைத்து, சீப்பை ஓட்டிக்கொண்டே மெதுவாகப் பேச்சுக் கொடுப்பார்.

என் வகுப்பு ஸ்டெல்லாவை மட்டும் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவள் புதுப் பின்னலோடு வெளியே வருவாள். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் ஸ்டெல்லாவின் அப்பா பள்ளி வாசலில் வந்து கத்தினார்.

"என் பொண்ணு. அடிப்பேன், சூடு வெப்பேன். உனக்கு இன்னா?"

நர்ஸம்மா அவளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பின்னலுக்கு அடியில நீ வெச்ச சூட்ட போலீஸ் இன்ஸ்பெக்டர்கிட்டயே காட்டியாச்சு. இனிமே இவ ஹாஸ்டல்லதான் இருப்பா. நீ கெளம்பு."

அந்தக் கஞ்சிப் புடவையை ஸ்டெல்லா கசங்கக் கசங்கப் பிடித்திருந்தாள். நர்ஸம்மா அந்தக் கையை விலக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

"எனக்கு நெறைய பேன் கீது நர்ஸம்மா."

சீப்பை ஒரே ஒருமுறை ஓட்டினார். கழுத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல. உங்கம்மா உன்ன நல்லா பாத்துக்குறாங்க. எழுந்திரு."

அந்த வார்த்தையைக் கேட்க ஸ்டெல்லாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் கசங்கிய அந்தப் புடவையை நினைத்தால் இன்றைக்கும் அவள்மேல் பொறாமைதான் வருகிறது.