யூரியா போட்ட மறுநாள்

யூரியா போட்ட மறுநாள் காலையிலேயே காற்றைப் பிடித்தாக வேண்டும். மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு அதிகமாகக் கிளம்பும் நேரம் அது. கண்ணுக்குத் தெரியாத வாயு, ஆனால் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும். சீமைக்கருவேல மரத்தைக் காற்றுப்படாமல் சுட்டு, அந்தக் கரியை வயலில் கலந்தால் வாயு குறைகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வுக் குழுவின் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்து, கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்று அலுத்துப்போய் இந்தக் களப்பணிக்கு மாறியிருந்தேன்.

வயல் பென்னலூருக்குப் பக்கத்தில் இருந்தது. வயல்காரர் ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். கரி போட ஒப்புக்கொண்டவர் அவர்தான். அவர் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "நல்ல மண்ணுல கரியக் கொட்டிகினு கீறாரு" என்று என் காதுபடவே சொல்வார்.

அன்று கரி போட்ட பாத்திகள், போடாத பாத்திகள் எல்லாவற்றின் மேலும் பெட்டிகளைக் கவிழ்த்து மூடி, முதல் ஊசியில் காற்றை உறிஞ்சி முடித்திருந்தேன். இடைவெளி விட்டு இன்னும் இரண்டு முறை எடுக்க வேண்டும். நடுவில் பெட்டியைத் தூக்கிவிட்டால் எல்லாம் பாழ். அப்போது ரோட்டில் ஒரு பைக் நின்றது. ஓட்டி வந்தவர் பாத்திகளின் மூலையில் அடையாளத்துக்கு நட்டிருந்த சிவப்பு அடித்த குச்சிகளையே பார்த்தார். அப்படியே வண்டியைத் திருப்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பேரோடு வந்தார்.

"யாரு அனுப்பிச்சாங்க உன்ன? சர்வேயா?"

"இல்லண்ணே. மண்ணுல இருந்து வர்ற காத்தப் பிடிக்கோம்."

"காத்தா?" யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எங்க நெலத்துலயும் இதே மாதிரிதான் மொதல்ல குச்சி நட்டாங்க. அப்பால நோட்டீஸ் வந்துச்சி. இப்ப அங்க குடோன் கீது." சொல்லிக்கொண்டே சேற்றில் இறங்கி ஒரு பெட்டியின் மேல் கை வைத்தார்.

"தொடாதீங்கண்ணே!" என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. வயல்காரருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

சத்தம் கேட்டு அவர் மனைவி மாட்டுக்குப் புல் அறுத்த அரிவாளோடு வரப்பில் ஓடி வந்தார். இவரும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டால் என்ன செய்வது?

அவர் என்னைத்தான் பார்த்தார். "உண்மையச் சொல்லு. இதுக்குத் துட்டு யார் தராங்க? கம்பெனியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஆய்வுக்கான பணம் ஒரு தொழிற்சாலை கொடுப்பது. "ஆமாக்கா, கம்பெனிதான் தருது. ஆனா நெலத்துக்காக இல்ல" என்றேன்.

"பாத்தியா!" என்று கூட்டம் இரைந்தது. பைக்கில் வந்தவர் பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே மறுகையால் ஒரு குச்சியைப் பிடுங்கி வீசினார்.

அக்கா அரிவாளை வரப்பில் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினார். ஒவ்வொரு மூலையாகப் போய், மிச்சக் குச்சிகளையும் தானே பிடுங்கிக் கட்டாகக் கட்டினார். "நெலம் என் பேர்ல கீது. குச்சி வோணாம். பொட்டி இருக்கட்டும், அது எங்க ஊட்டுக்காரர் ஒத்துகினது. கைய எடு."

"நாளைக்கு அழாத" என்றார் பைக்கில் வந்தவர்.

"அழுதா உன்னாண்டதான் வருவேன். இப்ப எடு."

அவர் கையை எடுத்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பைக்கில் வந்தவர் மட்டும் வரப்பில் ஏறி நின்று, கடைசி ஊசி வரை என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஊசியிலிருந்த காற்றை அடைக்கும் அவசரத்தில் ஒரு குப்பி கீழே விழுந்து உடைந்தது. குச்சிகள் இல்லாததால், எந்தப் பாத்தி எது என்று தெரிய, பெட்டிகளிலேயே மார்க்கரால் எண் எழுதினேன்.

முடிவுகள் அறுவடைக்குப் பிறகுதான் வந்தன. கரி போட்ட பாத்திகளில் வாயு குறைந்திருந்தது. ஒரு பாத்தியில் மட்டும் வித்தியாசமே இல்லை, ஏன் என்று இன்னும் எங்களுக்குப் புரியவில்லை. அக்காவிடம் இரண்டையும் சொன்னேன். களத்தில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே கேட்டார்.

"காத்து கம்மியாச்சி, சரி. நெல்லு கம்மியாச்சா?"

"இல்லக்கா. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலதான்."

"அப்ப அடுத்த போகத்துக்கும் கரி போடு" என்று சொல்லிவிட்டு, மழை வருமுன் நெல்லை அள்ளச் சாக்கை என் கையில் கொடுத்தார்.